ஒரு டியூப் எத்தனை நாளைக்கு வருது?

பல்செட் ஒட்டும் பசையை மனித ஈறு செல்லின் மேல் சோதிக்கிறார்கள். அந்தத் தட்டில் தெரிவது என்ன, தெரியாமல் போவது என்ன?

ஆரத்தி கரைக்கிறவர்களின் கையைப் பார்த்திருப்பீர்கள். தட்டில் மஞ்சள் தண்ணீர், விரல் நுனியில் துளி சுண்ணாம்பு. தொட்டுக் கலக்கியதும் கண்ணெதிரிலேயே சிவந்துவிடும்.

செல் ஆய்வகத்திலும் கிட்டத்தட்ட அதே காட்சிதான். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் தட்டு. குட்டிப் பணியாரச் சட்டி மாதிரி எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு என்று 96 குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் சில ஆயிரம் மனித ஈறு செல்கள் ஒட்டிக் கிடக்கின்றன. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. முந்தின நாள் சில குழிகளில் பல்செட் பசை ஊறிய நீரை ஊற்றி வைத்திருந்தார்கள். சிலவற்றில் வெறும் ஊட்டநீர். இப்போது எல்லாவற்றிலும் ஒரு மஞ்சள் சாயத்தைச் சொட்டி, உடல் சூட்டில், 37 டிகிரியில், மூன்று நான்கு மணி நேரம் வைக்கிறார்கள். வெளியே எடுத்தால் சில குழிகள் நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி ஊதா. சில வெளிறிய ஊதா. சில மஞ்சளாகவே நிற்கின்றன.

ஆரத்தித் தண்ணீர் நிறம் மாற உயிர் தேவையில்லை, சுண்ணாம்பு போதும். இங்கே உயிரோடு இருக்கிற செல்தான் மஞ்சளை ஊதாவாக்க முடியும். மஞ்சளாகவே நின்ற குழியில் பதில் சொல்ல ஆள் இல்லை.

“பல்செட் பசை நரம்பைக் கெடுத்துடுமாமே?” என்ற கேள்வி பூங்கா பெஞ்சிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. “அதெல்லாம் லேப்ல டெஸ்ட் பண்ணித்தான் விக்கிறாங்க” என்ற பதிலும் கூடவே வரும். கேள்வியிலும் உண்மை உண்டு, பதிலிலும் உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை. ஏன் என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

பல்லோடு எலும்பும் போகும்

பல் போனால் சொல் போச்சு என்றார்கள். கூடவே தாடை எலும்பும் போகும் என்பதை ஏனோ விட்டுவிட்டார்கள். பல்லைப் பிடுங்கிய பிறகு அதைத் தாங்கியிருந்த எலும்பு மேட்டுக்கு வேலை கிடையாது. வேலையற்ற எலும்பு கரையத் தொடங்கும். முழு பல்செட் போட்டவர்களை 25 ஆண்டு வரை கவனித்து டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972-இல் வெளியிட்ட கட்டுரையைப் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கீழ்த்தாடை மேடு, மேல்தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு தேய்கிறது என்று அவர் கண்டார்.

அதனால்தான் தகராறு செய்வது பெரும்பாலும் கீழ்ச் செட்டு. மேல் செட்டுக்கு அண்ணம் முழுக்கப் படர்ந்துகொள்ள இடம் உண்டு. நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வது போல எச்சில் படலம் அதைப் பிடித்து நிறுத்தும். கீழ்ச் செட்டு லாடம் மாதிரி. நடுவில் நாக்கு வேறு சும்மா இருக்காது. வயதானால் எச்சில் குறைவதும் சேர்ந்துகொள்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தருகிற மாத்திரைகளில் பல, வாயை உலர வைப்பவை.

அச்செடுத்த நாளில் இருந்த ஈறு வேறு, ஐந்து வருடம் கழித்து இருக்கிற ஈறு வேறு. செட் அப்படியே இருக்கிறது, வாய் மாறிவிட்டது. கல்யாணப் பந்தியில் அப்பளத்தைக் கடித்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம். பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்க்கிறார். அடுத்த கல்யாணத்தில் பெரியவர் பந்திக்கே வரமாட்டார், “எனக்குப் பசியில்லப்பா” என்பார். இந்த இடத்தில்தான் டியூப் வீட்டுக்குள் நுழைகிறது.

பொருத்தமான செட்டுக்குப் பசை ஒரு கைத்துணை. பொருந்தாத செட்டுக்கு அதுவே சுண்ணாம்புச் சாந்து ஆகிவிடுகிறது. விரிசல் பெரிதாகப் பெரிதாகச் சாந்தும் கூடும்.

> பெட்டிச் செய்தி: டியூபுக்குள் என்ன?
>
> கார்பாக்ஸிமீதைல் செல்லுலோஸ் என்பது முதல் ஆள். ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கவும் இதுவே பயன்படுகிறது. எச்சில் பட்டதும் சட்டென்று ஊதிப் பிசுபிசுக்கும். சீக்கிரம் கரைந்தும் போய்விடும். அதற்குப் பிறகு பிடித்து நிற்பது மீதைல் வினைல் ஈதரும் மலீயிக் அன்ஹைட்ரைடும் கோத்த நீளச் சங்கிலி மூலக்கூறின் உப்புகள். கால்சியம், சோடியம், சிலவற்றில் துத்தநாகம். சங்கிலிக்குச் சங்கிலி பாலம் போட்டுப் பிடியை நீட்டிப்பதுதான் துத்தநாகத்தின் வேலை. இவற்றைக் குழைக்கப் பெட்ரோலியம் ஜெல்லி, கனிம எண்ணெய். மேலே கொஞ்சம் புதினா வாசமும் நிறமும்.
>
> பழைய பொடிகளில் கராயா பிசின் இருக்கும். இந்தியக் காட்டு மரத்திலிருந்து வடித்து உலகத்துக்கே போன சரக்கு அது. அமிலத்தன்மை உள்ளது என்பதால், வாயில் நாலு சொந்தப் பல் மிச்சம் இருப்பவருக்கு எனாமல் அரிக்கும் என்ற கவலை உண்டு.

டிகாஷன் இறக்குவது போல

சோதனைக்கு முதல் தேவை மனித ஈறு. அது எங்கிருந்து வருகிறது? கடைவாய்ப் பல்லை அறுத்தெடுக்கும்போது ஈறிலிருந்து ஒரு துணுக்கும் வரும். குப்பைக்குப் போக வேண்டியதை, நோயாளியின் ஒப்புதலோடு ஆய்வகத்துக்குக் கொடுக்கிறார்கள். அதைப் பொடியாக அரிந்து, ரோஸ் நிற ஊட்டநீரில் போட்டு வைத்தால், நாளாக ஆகத் துணுக்கின் ஓரத்திலிருந்து கதிர் போல நீண்ட செல்கள் ஊர்ந்து வெளியே வரும். ஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். ஈறுக்கு உறுதி தருகிற கொலாஜன் நாரை நெய்பவை இவை. ஈறு ஒரு பாய் என்றால், இவர்கள்தான் பாய் முடைகிறவர்கள்.

மனிதரிடமிருந்து நேரடியாக எடுத்த செல் சில தலைமுறை பெருகியதும் களைத்து நின்றுவிடும். ஆகவே, களைக்காமல் பெருகும்படி மாற்றிய ஈறு செல் வரிசைகளையும் ஆய்வகங்கள் வைத்திருக்கின்றன. இன்னொரு பக்கம் எல்929 என்ற எலிச் செல். அமெரிக்காவில் 1940-இல் ஓர் எலியிடமிருந்து தொடங்கிய வம்சம், 1948-இல் அதிலிருந்து ஒற்றைச் செல்லாகப் பிரித்த கிளை. அந்த எலி செத்து எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதன் செல்கள் உலகம் முழுக்க இன்னும் பசையையும் பிளாஸ்டிக்கையும் ருசி பார்த்துக்கொண்டிருக்கின்றன. எலியின் பதிலை வைத்து மனித ஈறைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம் என்ற சந்தேகம்தான் மனித ஈறு செல்லுக்கு மவுசு தந்தது.

அடுத்தது பசையைச் செல்லுக்கு எப்படிக் கொடுப்பது என்ற பிரச்சினை. மாத்திரை என்றால் கரைத்து ஊற்றலாம். பசையோ தண்ணீர் பட்டதும் ஊதிக் கூழாகிவிடும். பிப்பெட்டில் ஏறாது, வடிகட்டியில் இறங்காது. அப்படியே செல்லின் மேல் அப்பினால் கூழ் மூடி, காற்றும் ஊட்டமும் கிடைக்காமலே செல் செத்துப் போகலாம். அது மூச்சுத் திணறிய சாவு. அதை நஞ்சு தந்த சாவு என்று எழுதிவிட்டால் தப்பு.

இதற்கு ஆய்வாளர்கள் செய்வதை நம் வீட்டு காபி ஃபில்டரை வைத்தே சொல்லலாம். பசையை ஊட்டநீரில் 37 டிகிரியில் ஒரு நாள் ஊற வைத்து, இறங்கிய சாற்றை மட்டும் எடுத்துச் செல்லுக்குக் கொடுப்பது ஒரு வழி. முதல் டிகாஷன், பாதி தண்ணீர் கலந்தது, கால் பங்கு என்று நீர்க்க நீர்க்கக் கொடுத்துப் பார்ப்பார்கள். இன்னொரு வழி, குழிக்குள் தொங்குகிற சின்னக் கிண்ணம். அதன் அடியில் நுண்ணிய துளைகள். பசை மேல் கிண்ணத்தில், செல் கீழே. கசிவது மட்டும் துளை வழியாக இறங்கும். ஃபில்டரேதான்.

மருத்துவக் கருவிகளின் செல் நச்சுத்தன்மையைச் சோதிக்க ஐஎஸ்ஓ 10993-5 என்ற உலகத் தரநிலை இருக்கிறது. பல்செட் பசைகளுக்கென்றே ஐஎஸ்ஓ 10873 தனியாக உண்டு. முதலாவதில் ஒரு பாஸ் மார்க் உண்டு: 70. பசை தொடாத குழிகளின் ஊதாவை நூறு என்று வைத்துக்கொண்டால், பசைச் சாறு குடித்த குழி 70-க்குக் கீழே போனால் செல்லுக்கு நஞ்சு என்று கணக்கு. தட்டில் இன்னொரு வரிசைக்குத் தெரிந்தே ஒரு நஞ்சைக் கொடுத்திருப்பார்கள். அந்த வரிசையும் ஊதாவாக வந்தால் சோதனையே செல்லாது.

மஞ்சள் சாயத்தின் பெயர் எம்டிடி. 1983-இல் மாஸ்மன் என்பவர் இதை முறைப்படுத்தினார். செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் வேலை நடந்தால் சாயம் ஊதா ஊசிகளாகப் படியும்; அதைக் கரைத்து, ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்று கருவி அளக்கும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வெளிறிய குழியில் பாதி செல் செத்திருக்கலாம். அல்லது எல்லாமே உயிரோடு, ஆனால் சோர்ந்து கிடக்கலாம். சாயத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் கவனமான ஆய்வாளர்கள் எம்டிடியோடு நிறுத்துவதில்லை.

நான்கு பசை, 48 மணி நேரம்

தென் கொரிய ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகைக்கு நல்ல உதாரணம். களைக்காமல் பெருகும் மனித ஈறு ஃபைப்ரோபிளாஸ்ட்களை வளர்த்தார்கள். கடையில் விற்கிற நான்கு பசைகளைத் துளைக்கிண்ணத்தில் நூற்றுக்குப் பத்தாய், அதாவது பத்து சதவீத அடர்த்தியில், வைத்தார்கள். 48 மணி நேரம் காத்திருந்தார்கள்.

நான்கு பசையிலும் ஊதா குறைந்தது; பசை தொடாத செல்களோடு ஒப்பிட்டால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு. ஆனால் நான்கும் ஒரே அளவு குறையவில்லை. ஒன்று மற்றவற்றைவிட மோசம். பிறகு வேறொரு கருவியில், தன்னைத் தானே அழித்துக்கொள்ளத் தொடங்கிய செல்கள் எத்தனை என்று எண்ணினார்கள். இங்கே கதை மாறியது. இரண்டு பசையில் அந்த எண்ணிக்கை தெளிவாகக் கூடியிருந்தது. மற்ற இரண்டில் பசை தொடாத செல்களோடு பெரிய வித்தியாசம் இல்லை. மின்னணு நுண்ணோக்கியில், மோசமான பசையின் கிண்ணத்துக்குக் கீழே, செல்களின் உறை சுருங்கி, செத்தவற்றின் சவ்வுத் துணுக்குகள் சிதறி, நடுநடுவே காலி மனை.

அந்தப் பசைகளின் பெயர்களை இங்கே எழுதவில்லை. ஒரு தட்டில் ஒரு முறை வாங்கிய மார்க்கை வைத்து, கலவை மாறியிருக்கக்கூடிய ஒரு டியூபுக்கு இன்று தீர்ப்பு சொல்வது முறையில்லை. வாசகருக்குப் பயன்படுகிற செய்தி பெயர்களில் இல்லை, வித்தியாசத்தில் இருக்கிறது: ஒரே அலமாரியில் ஒரே வேலைக்கு விற்கிற நான்கு பொருள்களும் ஈறு செல்லுக்கு ஒன்றல்ல.

இது புதிய சங்கதியும் இல்லை. 1993-லேயே ஸ்காண்டிநேவிய ஆய்வாளர்கள் 19 பசைகளை எடுத்து, செல் நச்சு, கிருமி, ஃபார்மால்டிஹைடு மூன்றையும் தேடினார்கள். சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருந்தது. பிணவறையில் உடலைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின், இதே பொருளைத் தண்ணீரில் கரைத்ததுதான்.

தட்டு வேறு, வாய் வேறு

இவ்வளவையும் படித்துவிட்டு இன்று இரவே டியூபைத் தூக்கி எறிய வேண்டுமா? அவசரப்பட வேண்டாம். தட்டில் கிடக்கிற செல் அம்மணமாகக் கிடக்கிறது. வாயில் ஃபைப்ரோபிளாஸ்ட் அப்படி இல்லை. அதன் மேலே பல அடுக்குத் தோல் செல்கள் ஓடு வேய்ந்தது போல மூடியிருக்கின்றன. எச்சில் ஓயாமல் கழுவுகிறது. ரத்தம் ஊட்டம் கொண்டுவந்து கழிவை அள்ளிப் போகிறது. செத்த செல்லுக்கு மாற்று உடனே முளைக்கிறது. தட்டில் இதில் ஒன்றும் இல்லை. ஆகவே, தட்டில் ஊதா வெளிறினால் வாயில் புண் வரும் என்று நேர்க்கோடு போட முடியாது. பசை தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானமும் இதுதான். அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் சமாதானத்தைச் சொல்கிறவர் ஒரு வாயைப் படம் பிடித்துக்கொண்டு பேசுகிறார்: ஈரமான, முழுசான, புண்ணில்லாத வாய். பசையை அதிகம் போடுகிறவரின் வாய் பெரும்பாலும் அதுவல்ல. அவருடைய செட் ஆடுகிறது. ஆடுகிற செட் ஈறை உராய்கிறது. உராய்ந்த இடத்தில் ஓடு பெயர்ந்து, பாய் முடைகிற செல்கள் வெளியே தெரிகின்றன. எச்சிலும் குறைவு. கழற்றச் சோம்பல்பட்டு ராத்திரியும் செட்டோடு தூங்கினால் கேண்டிடா பூஞ்சை படர்ந்து அண்ணம் சிவந்திருக்கும். அந்த வாய், தட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆய்வகத்தில் 48 மணி நேரம் என்பது வாய்க்கு அதிகம்தான். பத்து வருடத்தின் தினசரிப் பதினாறு மணி நேரத்துக்கு அது ஒன்றுமே இல்லை.

இடைவெளியைக் குறைக்க, பல அடுக்காக வளர்த்த செயற்கை ஈறுத் திசுக்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஓடும் உண்டு, பாயும் உண்டு. ஆனால் அவற்றாலும் பார்க்க முடியாத ஒன்று அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸில் வெளிப்பட்டது.

டாலஸில் நான்கு பேர்

கால் மரத்துப் போவது. முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுவது. இருட்டில் கால் எங்கே ஊன்றுகிறது என்பதே தெரியாமல் போவது. தண்டுவடத்தின் பின்பக்கத்து நரம்பு நார்கள் கெட்டால் வருகிற தொல்லைகள் இவை. மருத்துவருக்கு முதலில் தோன்றுவது வைட்டமின் பி12 குறைபாடு. பி12 சரியாக இருந்து, ரத்தத்தில் செம்பு அடிமட்டத்தில் இருந்தால்? அதோடு துத்தநாகம் உச்சத்தில் இருந்தால்?

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் மருத்துவ மையத்து நரம்பியல் மருத்துவர்கள் இப்படி நான்கு பேரைப் பற்றி 2008-இல் ‘நியூராலஜி’ இதழில் எழுதினார்கள். அந்தத் துத்தநாகம் எங்கிருந்து வந்தது என்பதே புதிர். கடைசியில் பதில் வாய்க்குள்ளேயே இருந்தது. நால்வருக்கும் சரியாகப் பொருந்தாத பல்செட். நால்வரும் பல வருடமாகப் பசை போடுகிறவர்கள். வாரத்துக்கு இரண்டு டியூப், சில சமயம் அதற்கும் மேல். மருத்துவர்கள் பசைகளை வாங்கி ஆய்வுக்கு அனுப்பினார்கள். ஒரு கிராமுக்கு 17 முதல் 34 மில்லிகிராம் துத்தநாகம்.

ஒட்டிய பசை எங்கே போகும்? காபியோடும் சோற்றோடும் கரைந்து வயிற்றுக்குள்தான். துத்தநாகம் உடம்புக்குத் தேவையான சத்து. அதிகமானால் தன் பங்காளியின் பங்கைத் தின்றுவிடும். துத்தநாகம் கூடும்போது குடல் சுவர் செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தை நிறைய உண்டாக்குகின்றன. அந்தப் புரதம் துத்தநாகத்தைவிடச் செம்பைத்தான் இறுக்கிப் பிடிக்கும். சில நாளில் குடல் செல்கள் உதிரும். பிடித்துவைத்த செம்பும் மலத்தோடு வெளியேறும். சாப்பாட்டில் செம்பு இருந்தும் ரத்தத்துக்கு வந்து சேராது. செம்பு இல்லாமல் ரத்த அணுக்கள் குறையும், தண்டுவடம் நலியும்.

பசையை நிறுத்தி, செம்பு மாத்திரை கொடுத்தால் ரத்தக் கணக்கு தேறுகிறது. நரம்பு அப்படித் தேறுவதில்லை. முழுதாகப் பழைய நடை திரும்பியவர் என்று அந்தக் கட்டுரையில் யாரும் இல்லை.

இப்போது மறுபடி அந்த 96 குழித் தட்டுக்கு வருவோம். துத்தநாகம் கலந்த பசையை அதில் எத்தனை முறை சோதித்திருந்தாலும் இது தெரிந்திருக்குமா? குழியில் கிடக்கிற ஈறு செல்லுக்குக் குடல் கிடையாது. தண்டுவடமும் கிடையாது. வாரத்துக்கு இரண்டு டியூப் பிதுக்குகிற கையும் கிடையாது. பசை ஈறைச் சுடுகிறதா என்று கேட்கத்தான் அந்தச் சோதனை உருவானது. அதற்கு அது ஒழுங்காகவே பதில் சொல்கிறது. “லேப்ல டெஸ்ட் பண்ணியாச்சு” என்று நாம்தான் கேட்காத கேள்விக்கும் சேர்த்து அதன் தலையில் பதிலைக் கட்டுகிறோம்.

> பெட்டிச் செய்தி: கணக்குப் போட்டுப் பார்த்தால்
>
> 2.4 அவுன்ஸ் டியூப் என்றால் சுமார் 68 கிராம். கிராமுக்கு 17 முதல் 34 மி.கி. என்ற 2008-ஆம் ஆண்டுக் கணக்கில், ஒரு டியூபில் 1,156 முதல் 2,312 மி.கி. துத்தநாகம்.
>
> வாரத்துக்கு இரண்டு டியூப் என்றால் நாளொன்றுக்கு 330 முதல் 660 மி.கி. பெரியவர்களுக்கு அமெரிக்கப் பரிந்துரைப்படி தினசரித் தேவை ஆணுக்கு 11, பெண்ணுக்கு 8 மி.கி. தாண்டக்கூடாத வரம்பு 40.
>
> மேல், கீழ் இரண்டு செட்டும் போடுகிறவருக்கு அந்த டியூப் ஏழெட்டு வாரம் வர வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். அப்படிப் போட்டால் நாளுக்கு 20 முதல் 47 மி.கி. முழுதும் விழுங்கி, முழுதும் உடம்பில் சேர்ந்தால்தான் இந்த அளவு. உண்மையில் அப்படிச் சேராது. ஆனாலும் வரம்புக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கிற பொருளில், டியூபைப் பிதுக்குகிற கைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

“எவ்வளவு, எத்தனை நாள்?”

டாலஸ் கட்டுரைக்குப் பிறகு 2009-இல் வேறொரு பல்கலைக்கழக மருத்துவர்களும் இதே போன்ற நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 2010 பிப்ரவரியில் கிளாக்ஸோஸ்மித்க்லைன் தன் பாலிகிரிப் பசை வகைகளில் துத்தநாகம் சேர்ப்பதை நிறுத்தியது. போட்டி நிறுவனமான பிராக்டர் அண்ட் கேம்பிளோ, சொன்ன அளவில் பயன்படுத்தினால் ஆபத்தில்லை என்று துத்தநாகத்தோடே தொடர்ந்தது. 2011-இல் உணவு மருந்து நிர்வாகம் தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதியது: துத்தநாகம் இருந்தால் லேபிளில் சொல்லுங்கள், வேறு பொருளுக்கு மாற முடியுமா பாருங்கள்.

கடிதம் மட்டும்தானா என்று கேட்கலாம். அமெரிக்கச் சட்டத்தில் வழக்கமான பல்செட் பசை, மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் வகுப்பு மருத்துவக் கருவி. கையால் தேய்க்கிற டூத் பிரஷும் அதே வகுப்புதான். பிரஷ்ஷைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக யாரும் விழுங்குவதில்லை என்பதை வகுப்பு பிரித்தவர்கள் யோசித்திருக்கலாம்.

வழக்குகள் குவிந்தன. எல்லாவற்றையும் சேர்த்து புளோரிடா தெற்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில், நீதிபதி செசிலியா அல்டோனாகா முன் விசாரணை. நரம்பு கெட்ட ஒரு பெண்மணியின் வழக்கில் அவர் 2011-இல் தந்த உத்தரவு பலரைத் திகைக்க வைத்தது. இந்தப் பசைதான் இந்த நோய்க்குக் காரணம் என்று சொல்ல வந்த நிபுணர்களின் சாட்சியத்தை ஏற்க முடியாது என்றார். துத்தநாகம் அதிகமானால் செம்பு குறையும் என்பதில் சண்டை இல்லை. இந்தப் பசையை எவ்வளவு போட்டால், எத்தனை காலம் போட்டால் இந்த நோய் வரும் என்பதற்கு அறிவியல் அடிப்படையில் ஒரு கணக்கு வேண்டும், அது இல்லை. 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

எனக்கு இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது இரண்டு மனது. சட்டம் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாமும் ஆயிரம் முறை சொல்கிறோம். அளவு எது என்று பழமொழியும் சொல்வதில்லை. ஆனால் அந்த அளவைக் கண்டுபிடிக்க வேண்டியவர் யார்? விற்பதற்கு முன் அதைத் தேட வேண்டிய கட்டாயம் தயாரிப்பாளருக்கு இல்லை. தள்ளாடுகிற நோயாளி, வழக்கு போட்ட பிறகு அதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றால், அவர் எந்த ஆய்வகத்துக்குப் போவார்?

நம் மருந்துக்கடையில்

இங்கே பல்செட் பசைக்குச் சீட்டு வேண்டாம். பேரன் ஆன்லைனில் ஆர்டர் போடுகிறான். வெளிநாட்டு மகள் வரும்போது ஆறு டியூப் பெட்டியில் கொண்டுவருகிறாள். 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் நம் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. சட்டம் ஒரு பக்கம். டியூபின் முதுகில் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் இருப்பதைப் படிக்க வேண்டியவர், கண்ணாடி போட்டாலும் மங்கலாகத் தெரிகிற எழுபத்தைந்து வயதுக்காரர்.

பசை கூடுவதற்கு நம் ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. பல்செட் என்றால் ஒரு தரம் செய்து ஆயுசுக்கும் போட்டுக்கொள்வது என்று நினைக்கிறோம். கண்ணாடியின் பவர் மாறும் என்று ஒத்துக்கொள்கிறவர்கள், தாடை மாறும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தளர்ந்த செட்டின் உட்பக்கத்தை இன்றைய ஈறுக்கு ஏற்ப மறுபடி நிரப்பித் தருவதற்கு ரீலைன் என்று பெயர். புது செட்டின் செலவு ஆகாது. இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் டியூப் மேல் டியூப் வாங்குகிற வீடுகள் எத்தனையோ. விரிசல் விட்ட செட்டைச் செருப்பு ஒட்டுகிற பசையால் ஒட்டி, மறுநாள் வாயில் போட்டுக்கொள்கிற துணிச்சல்காரர்களும் உண்டு. அந்தப் பசையை எந்த ஈறு செல்லின் மேலும் யாரும் இதற்காகச் சோதித்ததில்லை.

> பெட்டிச் செய்தி: பசை போடுகிறவருக்கு
>
> அமெரிக்கச் செயற்கைப் பல் வல்லுநர் கல்லூரி 2011-இல் தந்த வழிகாட்டலின் சாரம்: ஒவ்வொரு செட்டுக்கும் பட்டாணி அளவில் மூன்று நான்கு இடத்தில் பொட்டு வைத்தால் போதும். ஓரத்தில் பிதுங்கி வழிந்தால் அது அதிகம். துத்தநாகம் கலந்ததைத் தவிர்க்கலாம். லேபிளில் ‘ஜிங்க்’ என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். தினமும் செட்டிலிருந்தும் ஈறிலிருந்தும் பழைய பசையை முழுக்க வழித்தெடுக்க வேண்டும். ஒரே மூச்சில் 24 மணி நேரம் செட்டைப் போட்டிருக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பசையின் அளவு மாதா மாதம் கூடினால் வருடம் வரை காத்திருக்க வேண்டாம்.
>
> வருடக்கணக்கில் அதிகமாகப் போட்டவருக்குக் கால் மரத்தாலோ நடை தள்ளாடினாலோ, நரம்பு மருத்துவரிடம் பசையைப் பற்றியும் சொல்லுங்கள். அவர் கேட்காமல் போகலாம்.

ரோஸும் வெள்ளையும்

நகரத்தின் ஒரு சின்னப் பல் மருத்துவமனையில் காத்திருந்தபோது பார்த்தது. எனக்கு முன்னால் ஒரு பெரியவர். மஞ்சள் பையில் டிபன் டப்பா, டப்பாவுக்குள் பல்செட், பக்கத்திலேயே ஒரு டியூப். டாக்டர் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். செட்டில் அப்பியிருந்த பழைய பசையை வழித்து எடுக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. பஞ்சு பஞ்சாகத் தட்டில் குவிந்தது.

பிறகு ஏதோ வெள்ளைக் குழம்பை செட்டின் உட்பக்கம் மெல்லியதாகத் தடவி வாயில் வைத்தார். “மெதுவா கடிச்சுக்கோங்க ஐயா. அப்படியே இருங்க.”

இரண்டு நிமிடம். வெளியே எடுத்துப் பெரியவரிடமே காட்டினார். ஓர் ஓரத்தில் வெள்ளை சுத்தமாக நகர்ந்து செட்டின் ரோஸ் நிறம் பளிச்சென்று தெரிந்தது. அங்கே அழுத்துகிறது, அதே இடத்தில் ஈறிலும் புண். மற்ற இடமெல்லாம் வெள்ளை கெட்டியாக, தோசை மாவு மாதிரி நின்றது. அவ்வளவும் இடைவெளி.

“இந்த எடத்தையெல்லாம் நீங்க பசையால ரொப்பிட்டு இருந்திருக்கீங்க. ஒரு டியூப் எத்தனை நாளைக்கு வருது?”

“வரும்மா. பென்ஷன் வந்த அன்னைக்கு வாங்கினது.”

டாக்டர் டியூபைக் கையில் எடுத்தார். தீர்ந்துபோன டூத்பேஸ்ட்டைச் சுருட்டுவது போல அடியிலிருந்து கழுத்து வரை சுருட்டியிருந்தது. சுவரில் தொங்கிய தினக் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். தேதி ஒன்பது.